ஏழாம் அத்தியாயம்: சரிவில் வேலி வரிசை

மரங்களை நெருக்கமாக வரிசையில் நட்டு, வேலிபோல் தாழ வெட்டி வைத்து, இரண்டு வரிசைகளுக்கு நடுவே உணவுப் பயிர் வைக்கும் முறையை வேளாண் கையேடுகள் பெரும்பாலும் வறண்ட மானாவாரி நிலத்துக்குத்தான் சொல்கின்றன. மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள லெம்பா பெர்த்தாம், அதாவது பெர்த்தாம் பள்ளத்தாக்கு, வறண்ட நிலம் இல்லை. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று இரண்டு தடவை அது உச்சத்துக்குப் போகிறது. இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, மண்தான் நிற்க மாட்டேன் என்கிறது.

ஆகவே வேலி வரிசைக்கு இங்கே தலையாய வேலை, சரிவில் இறங்கும் மண்ணைப் பிடித்து நிறுத்துவது. தழையுரம், தீவனம், விறகு எல்லாம் அதற்குப் பிறகு வரும் வரவு. எந்தச் செடி, எவ்வளவு இடைவெளி, எப்போது வெட்டு என்ற எல்லா முடிவையும் இதை மனத்தில் வைத்தே எடுங்கள்.

பிற இடங்களின் அனுபவம்

நைஜீரியாவின் இபாடான் நகரிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் 1970களில் இந்த முறையை ஆராயத் தொடங்கியது. சவுண்டல், கிளைரிசிடியா போன்ற பயறுவகை மரங்களை வரிசையாக நட்டு, நடுவே மக்காச்சோளம் விதைத்தார்கள். வெட்டிய தழை மண்ணில் விழுந்து உரமானது. காட்டை எரித்துப் பயிர் செய்துவிட்டு நிலத்தைப் பல ஆண்டு தரிசாகப் போடும் பழக்கத்துக்கு இது மாற்றாகும் என்று நம்பினார்கள்.

1980களில் ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் இக்ரிசாட் நிறுவனம் இதைச் சோதித்தபோது வேறொரு முகம் தெரிந்தது. மழை குறைந்த அந்த நிலத்தில் சவுண்டல் வரிசைக்குப் பக்கத்துப் பயிர் மெலிந்தது. மர வேருக்கும் பயிர் வேருக்கும் நடுவே மண்ணுக்குள் பிளாஸ்டிக் தாளை இறக்கியதும் பயிர் தேறியது. பயிரைக் கெடுத்தது நிழலைவிட வேர்ப் போட்டிதான் என்பது அதில் உறுதியானது. தண்ணீருக்கான அந்தப் போட்டி பெர்த்தாமில் பெரும்பாலான மாதங்களில் இல்லை. நிழல் போட்டி உண்டு. மேகம் மூடிய மலையில் வெயிலே அளவாகத்தான் கிடைக்கிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் பிலிப்பீன்ஸின் மிண்டனாவ் தீவு. டாவாவ் டெல் சூர் மாகாணத்தில் பான்சாலான் அருகே கினுஸ்குசானில் இயங்கிய பாப்டிஸ்ட் கிராம வாழ்வு மையம், 1970களில் மலைச்சரிவுக்கென்றே ஒரு முறையை வகுத்தது. சமமட்டக் கோட்டில் நான்கைந்து மீட்டருக்கு ஓர் இரட்டை வேலி வரிசை. இடைப்பட்டைகளில் குறுகியகாலப் பயிர், மூன்றுக்கு ஒரு பட்டையில் காப்பி, பழமரம் போன்ற நிலைப்பயிர். அந்த மையத்தை நடத்திய ஹரோல்ட் வாட்சன் 1985இல் ராமோன் மக்சேசே விருது பெற்றார்.

அதே காலத்தில்தான் சவுண்டலைச் சாறுறிஞ்சும் சிறு பூச்சி ஒன்று ஆசியாவுக்குள் நுழைந்து, வேலி வேலியாக இலையை உதிர வைத்தது. ஒரே மரத்தை நம்பி நட்டவர்கள் நஷ்டப்பட்டார்கள். வேலியில் இரண்டு மூன்று இனங்களைக் கலந்து நடுவது அதற்குப் பிறகு வழக்கமானது.

மிண்டனாவின் வடபகுதியிலுள்ள கிளாவேரியா வட்டாரத்தில் உழவர்கள் இன்னும் எளிய வழிக்கு வந்தார்கள். மரவேலியை வெட்டி மாளவில்லை என்று, சமமட்டக் கோட்டில் அரை மீட்டர் அகலத்துக்கு நிலத்தைக் கொத்தாமல் விட்டார்கள். தானாக முளைத்த புல்லே கரையானது. கூலி கொடுத்து ஆள் வைக்க முடியாத சிறு தோட்டக்காரர் இதை மறக்கக் கூடாது.

பெர்த்தாமின் சரிவு

இங்குள்ள மண் கருங்கல் சிதைந்து உண்டானது. மணற்பாங்கானது, அமிலத்தன்மை கொண்டது. மேல்மண் போய்விட்டால் அடியில் இருப்பது மஞ்சளும் சிவப்புமான வெறும் மண். 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தையும், 1933இல் தொடங்கிய பாரத் தோட்டத்தையும் மழை நாளில் கவனியுங்கள். முற்றிய தேயிலை நிலத்தை மூடிக் கிடப்பதால் துளி இலையில் விழுந்து உடைந்து, மண்ணில் மெல்ல இறங்கும். அதே சாய்வில் புதிதாகக் கொத்திய காய்கறிப் பாத்தியில் துளி நேராக மண்ணை அடித்துக் கிளப்பி, நிறம் மாறிய நீராக ஓடும். தேயிலையை வருடக்கணக்கில் தோண்டுவதில்லை. காய்கறி நிலத்தை ஆண்டுக்கு மூன்று நான்கு முறை திறந்து போடுகிறோம்.

மேல்மலையில் கழன்ற மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிகிறது. அதைத் தேக்கும், 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் வண்டலை அள்ளுவது ஓயாத வேலையாகிவிட்டது. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் அணை நிரம்பி மதகுகள் திறக்கப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. நீர்த்தேக்கத்தில் இடத்தை அடைத்திருந்த வண்டலும், ஆற்றங்கரையை நெருக்கிய கட்டடங்களும் அந்தச் சேதத்தில் பங்கு வகித்தன.

வேலை தொடங்குமுன் இரண்டு தாள்களைப் பாருங்கள். முதலாவது, நிலப் பாதுகாப்புச் சட்டம், 1960. மலைநிலம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதி இல்லாமல் குறுகியகாலப் பயிர் வைக்கக் கூடாது. உங்கள் துண்டு அதில் வருகிறதா என்று நில அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டாவது, உங்கள் நில உரிமம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய டிஓஎல் (தற்காலிக உரிம) நிலமாக இருந்தால், ஐந்து வருடம் கழித்துப் பலன் தரும் மரத்தை நம்பாதீர்கள். ஓராண்டுக்குள் கரை கட்டும் புல்லையும் செராயையும் (எலுமிச்சைப் புல்) முதலில் வையுங்கள்.

சரிவை அளப்பது

ஒரு மீட்டர் நீளக் கம்பை எடுத்து, ஒரு நுனி மேட்டுப்பக்க மண்ணைத் தொட, மட்டமாகப் பிடியுங்கள். மறு நுனியிலிருந்து தரைவரை எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளங்கள். ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். அடுத்தடுத்த வேலி வரிசைகளுக்கு நடுவே செங்குத்தாக ஒன்றரை மீட்டர் இறக்கம் இருக்கும்படி கீழ்க்கண்ட கணக்கு போடப்பட்டுள்ளது. தூரத்தைத் தரையோடு தரையாக நாடா வைத்து அளக்க வேண்டும்.

- 18 சென்டிமீட்டர் இறக்கம் (10 பாகை): வரிசைக்கு வரிசை சுமார் 8.5 மீட்டர்
- 27 சென்டிமீட்டர் (15 பாகை): சுமார் 5.8 மீட்டர்
- 36 சென்டிமீட்டர் (20 பாகை): சுமார் 4.4 மீட்டர்
- 47 சென்டிமீட்டர் (25 பாகை): சுமார் 3.5 மீட்டர்

47 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும் சரிவில் காய்கறி வேண்டாம். வேலி வரிசை அதைக் காப்பாற்றாது.

சமமட்டக் கோடு போடுவது

இரண்டு மீட்டர் நீளமுள்ள இரு கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கழி வைத்துக் கட்டினால் மட்டச் சட்டம் தயார். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கழியைத் தாண்டிக் கீழே வரவேண்டும்.

முதலில் சட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். எங்காவது நிறுத்தி, இரு கால்கள் ஊன்றிய இடத்திலும் குச்சி அடித்து, கயிறு குறுக்குக் கழியில் படும் இடத்தைக் குறியுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி அதே குச்சிகளில் நிறுத்தி, மறுபடியும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்போது இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று பொருள்.

வேலையைச் சரிவின் உச்சியில் தொடங்குங்கள். நீர் திரண்டு வேகமெடுப்பதற்கு முன் தடுப்பது எளிது. கீழ் வரிசையை முதலில் நட்டால் மொத்த மலையின் நீரையும் அந்த இளஞ்செடிகள் தாங்க வேண்டிவரும். சட்டத்தின் ஒரு காலை நிலையாக வைத்து, மறு காலை மேலும் கீழும் நகர்த்தி மட்டம் கண்டு குச்சி அடித்துக்கொண்டே போங்கள். கோடு திடீரென வளைந்தால் ஓரிரு குச்சிகளை நகர்த்திச் சீராக்கலாம். பெரிய வளைவை நேராக்காதீர்கள்.

நம் மழைக்குக் கோடு முழு மட்டமாகவும் இருக்கக் கூடாது. நூறு மீட்டருக்கு அரை முதல் ஒரு மீட்டர்வரை மெல்லச் சாய்ந்து, புல் போர்த்திய ஒரு நீர்வழியில் போய்ச் சேர வேண்டும். அந்த நீர்வழியை வேலிக்கு முன்பே தயார் செய்யுங்கள்.

எதை நடுவது

பெர்த்தாம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரையும் புளித்த மண்ணையும் தாங்குவதே செடிக்கு முதல் தகுதி.

*சவுண்டல்:* பெத்தாய் பெலாலாங் என்று கீழ்நாட்டில் எல்லாரும் அறிந்த மரம். அமில மண்ணில் திணறும். உயரம் ஏற ஏற வளர்ச்சி குன்றும். இங்கே வேண்டாம்.

*கிளைரிசிடியா:* இலங்கையில் சீமைக்கிளுவை. போத்து நட்டால் பிடித்துக்கொள்ளும். தழை சீக்கிரம் மக்கி உரமாகும். நம் உயரம் அதன் எல்லைக்கு அருகில். பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில், சுண்ணாம்பு கண்ட மண்ணில் சில மீட்டர் நட்டுப் பாருங்கள்.

*காலியாண்ட்ரா:* செந்நிறக் குஞ்சம்போல் பூக்கும் மத்திய அமெரிக்கப் புதர்மரம். 1936இல் குவாத்தமாலாவிலிருந்து ஜாவாவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே மலைகளில் பரவியது. குளிர், அமிலம் இரண்டையும் தாங்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். தழை மெதுவாக மக்கும். தேனீயும் வரும்.

*பிளெமிங்கியா:* மரவேலிக்கு என் முதல் தேர்வு இதுதான். புதர், அமில மண்ணில் நன்றாக நிற்கும். அகன்ற இலை மண்ணில் விழுந்தால் பல வாரம் மக்காமல் மூடாக்காகக் கிடக்கும். அடியிலிருந்தே கிளைப்பதால் வேலியின் கீழ்ப்பகுதி அடைபடுகிறது. மண்ணை நிறுத்துவது அந்த அடிப்பகுதிதான்.

*வெட்டிவேர்:* வேர் பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்கும், பயிரோடு அதிகம் போட்டியிடாது. 1990களின் தொடக்கத்தில் மலேசிய ரப்பர் ஆய்வுக் கழகத்தில் பி. கே. யூன் இதை விரிவாக ஆராய்ந்து, சரிவுகளுக்கு ஏற்றது என்று காட்டினார். நல்ல வெயில் படும் இடத்தில் மட்டும் நடுங்கள், நிழலில் மெலியும்.

*செராய்:* வெட்டிவேர் அளவுக்குப் பிடிப்பு இல்லை என்றாலும் சமையலுக்கும் சந்தைக்கும் போகும். டிஓஎல் நிலத்துக்கு ஏற்றது.

*தேயிலை:* கொழுந்து வாங்கும் தொழிற்சாலை அருகில் இருந்து, அவர்கள் எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தால் தேயிலையே வேலியாகலாம். ஒரு சிக்கல் உண்டு. தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும். கோஸுக்கும் தக்காளிக்கும் சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைக்க வேண்டும். எனவே வேலியிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளியே சுண்ணாம்பு தூவுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் கூட்டு: ஒவ்வோர் இரட்டை வேலியிலும் மேல்வரிசை வெட்டிவேர் அல்லது செராய், கீழ்வரிசை பிளெமிங்கியா, நடுநடுவே காலியாண்ட்ரா. புல் மண்ணை நிறுத்தும், புதர் தழை தரும், ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றது நிற்கும்.

நடவு

பிப்ரவரி கடைசியில் கோடு போட்டு, மார்ச்சில் நடுங்கள். அக்டோபர் மழை வருவதற்குள் செடிக்கு ஆறேழு மாதம் கிடைக்கும். செப்டம்பரில் நட்டால் வேர் பிடிக்குமுன் மழை இழுத்துவிடும்.

குச்சி அடித்த கோட்டில் அரை மீட்டர் இடைவிட்டு இரண்டு சால் கொத்துங்கள். வெட்டிவேர், செராய்த் தூர்களைப் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக நடவேண்டும். இதைவிட அகன்றால் மழைநீர் இடைவெளியைத் தேடிப்பிடித்து அதிலேயே ஓடை வெட்டும். பயறுவகை விதையை, கொதிக்கவைத்து இறக்கிய சூட்டு நீரில் போட்டு, அப்படியே ஆறவிட்டு, ஓர் இரவு ஊறவைத்துச் சாலில் நெருக்கமாக விதையுங்கள். நாற்று விட்டு நடுவது செலவு. வரிசைக்கு ஐந்து மீட்டர் என்று வைத்தால் ஓர் ஏக்கரில் சுமார் 800 மீட்டர் வேலி வரும். இரண்டு சாலிலும் கால் மீட்டருக்கு ஒரு நாற்று என்றால் 6,400 நாற்று வேண்டும்.

முதல் மூன்று மாதம் களை எடுங்கள். வேலி உயரும்வரை மழையைத் தாங்க, மேட்டுப்பக்கம் தக்காளித் தண்டு, கிளை, கல் ஆகியவற்றை அணைத்துப் போடுங்கள். வேர் வீங்கும் நோய் கண்ட கோஸ் தூரை மட்டும் அங்கே போடாதீர்கள். அந்த நோய்க்கிருமி மண்ணோடு ஒட்டிக்கொண்டு அடுத்த பாத்திக்கு இறங்கும். நல்ல வேலி மண்ணை நிறுத்துவதால் இந்த நோய் கீழ்ப்பாத்திக்குப் பரவுவதும் குறையும்.

கவாத்து

தேயிலை மலையில் கவாத்துக் கத்தி பிடித்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டு சாய்வாகவும் சுத்தமாகவும் விழ வேண்டும்; மழுங்கிய பாராங் கத்தியால் அடித்துப் பிளந்த தண்டில் அழுகல் ஏறும்.

விதைத்த புதரை முதல் எட்டு மாதம் வெட்டாதீர்கள். இடுப்புயரம் வந்து, தண்டு விரல் பருமன் ஆனதும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். அதன்பின் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு வெட்டு. இடைப்பட்டையில் நாற்று நட்ட முதல் மாதம் வேலி எப்போதும் தாழ இருக்க வேண்டும், அப்போதுதான் வெயில் விழும். மழை உச்சமாகும் மாதங்களில் மொட்டையடிக்காமல் பக்கவாட்டில் மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

வெட்டிய தழையைப் பாத்தியில் பரப்புங்கள். காய்கறிக்கு நாம் போடும் கோழி எருவையும் மூட்டை உரத்தையும் பார்த்தால், இந்தத் தழை தரும் நைட்ரஜன் சிறிதுதான். இதன் பயன் மூடாக்கில் இருக்கிறது. ஒரு தொல்லையும் உண்டு: குளிர்ந்த ஈர மூடாக்கில் நத்தையும் ஓடில்லா நத்தையும் பகலில் பதுங்கி, இரவில் கோஸ் நாற்றைத் தின்றுவிடும். நாற்று வேர் பிடிக்கும்வரை தூரைச் சுற்றி ஒரு சாண் இடத்தை வெறுமையாக விட்டு, மாலையில் பொறுக்கி எடுங்கள்.

இடைப்பட்டையில் பயிர்

பாத்திகள் வேலிக்கு இணையாகவே போக வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்ட பாத்திகளுக்கு நடுவே உள்ள வாய்க்கால் ஒவ்வொன்றும் மண்ணை இறக்கும் சறுக்குப்பாதை. மண்வெட்டியால் கொத்தும்போது மண்ணைக் கீழ்நோக்கி இழுப்பது கைக்குச் சுலபம்; மழையே இல்லாமல் மலை இறங்குவது அப்படித்தான். பக்கவாட்டில் நகர்ந்து கொத்திப் பழகுங்கள்.

ஓரிரண்டு ஆண்டில் ஒரு மாற்றம் தெரியும். வேலியின் மேட்டுப்பக்கம் மண் சேர்ந்து தடிக்கும். பள்ளப்பக்கம், அதாவது அடுத்த பட்டையின் தொடக்கத்தில், மண் மெலியும். நிலம் தானாகப் படி கட்டிக்கொள்கிறது என்பதற்கு இது அடையாளம். அந்த மெலிந்த ஒரு மீட்டரில் பயிர் வெளிறும். எருவையும் தழையையும் அங்கே இரட்டிப்பாகப் போட்டு, பீன்ஸ் போன்ற பயறுவகையை வையுங்கள். மண் தடித்த பகுதியில் கோஸும் தக்காளியும் வரட்டும். நடுப்பகுதிக்குச் சாவிக் கீரை, வெங்காயத்தாள் போன்ற குறுகிய நாள் பயிர். ஒரு பட்டையை அறுத்துத் திறக்கும்போது அடுத்த பட்டை மூடியிருக்கும்படி நடவை மாற்றி மாற்றி வைத்தால், மொத்த மலையும் ஒரே மழையில் வெறுமையாகக் கிடக்காது.

பிளாஸ்டிக் கூரை

பெர்த்தாமில் மழைக்கூரை இல்லாத தோட்டம் குறைவு. கூரை பாத்தியைக் காக்கும், நீரை எங்கும் குறைக்காது. ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர் தண்ணீர் ஓரத்தில் கொட்டுகிறது. எந்த வேலியும் அதைத் தாங்காது. கூரைக்குப் பீலி வைத்து, குழாய் வழியே தொட்டிக்கும், மிஞ்சியதைப் புல் போர்த்திய நீர்வழிக்கும் அனுப்பிய பிறகே கீழே வேலி நடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மழை சற்றுத் தணியும் நாட்களில் தொட்டி நீர் உதவும்.

செலவுக் கணக்கு

இரட்டை வரிசை ஒவ்வொன்றும் சுமார் ஒரு மீட்டர் அகலத்தை எடுத்துக்கொள்ளும். ஐந்து மீட்டருக்கு ஒன்று என்றால் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேலிக்குப் போகும். அதில் கோஸ் விளையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏக்கருக்கு 800 மீட்டர் வெட்ட ஆள் வேண்டும். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு இறங்குங்கள். ஆள் இல்லையென்றால் கிளாவேரியா வழிக்கு வாருங்கள்: கோடு மட்டும் போட்டு, அரை மீட்டர் புல்லைக் கொத்தாமல் விடுங்கள், ஆண்டுக்கு நான்கைந்து அறுப்பு போதும். கவனமாகப் போட்ட கோட்டில் நிற்கும் வெறும் புல், கோணலான கோட்டில் நிற்கும் நல்ல மரவேலியைவிட அதிக மண்ணை நிறுத்தும்.

எனவே முதல் ஆண்டில் மேலிருந்து இரண்டு வரிசை மட்டும் நடுங்கள். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் வேலியோரமாக நடந்து மூன்றைப் பாருங்கள். மேட்டுப்பக்கம் வண்டல் ஒரே சீராகப் படிந்திருக்கிறதா? ஒரே இடத்தில் குவிந்தால் கோடு அங்கே தாழ்ந்திருக்கிறது, மண்ணணைத்து உயர்த்துங்கள். வேலிக்குள் நீர் துளைத்த இடம் உண்டா? அன்றைக்கே அங்கே நான்கு தூர் நெருக்கி நடுங்கள். வேலிக்குக் கீழே வழியும் நீர் மேலே வந்த நீரைவிடத் தெளிந்திருக்கிறதா? இரண்டு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்து, அடியில் படிந்த மண்ணை ஒப்பிடுங்கள். மேல் போத்தலின் வண்டல் கீழ் போத்தலைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் மூன்றாவது வரிசைக்குக் கோடு போடலாம். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால், புதிதாக நடுவதை நிறுத்திவிட்டு இருக்கிற இரண்டு வரிசையின் ஓட்டைகளை அடையுங்கள்.